இம்யூனாலஜி ஆராய்ச்சிக்குப் போகலாமா? சேலத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

அம்மாப்பேட்டையில் தறி ஓடிய வீட்டில் பிறந்தவள் நான். தமிழ் வழியில் படித்தேன். பெங்களூரில் பிஎச்.டி., ஜெர்மனியில் நாலு வருஷம் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணி), அப்புறம் ஊர் திரும்பி சேலத்தில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். சின்னதாக ஒரு லேபும் வைத்திருக்கிறேன். அட்மிஷன் நேரத்தில் பெற்றோர், செமஸ்டர் லீவில் மாணவர்கள், ஆடிப் பண்டிகைக்கு வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இம்யூனாலஜி என்றால் டாக்டர் படிப்பா?

இல்லை. உடம்புக்குள் கிருமி நுழைந்தால் உடம்பு அதை எப்படி அடையாளம் காண்கிறது, எப்படி அடிக்கிறது, அடித்ததை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது, தன் சொந்த உறுப்பையே அடித்துவிடாமல் எப்படி அடங்கி நிற்கிறது என்பதைப் படிக்கும் துறை இது. பிளஸ் டூ விலங்கியல் புத்தகத்தில் 'நோய்த்தடைக்காப்பியல்' என்று வரும் பாடம்தான்.

என் அம்மாயி முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தது. தெருவில் யாருக்கு அம்மை போட்டாலும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள அவரைத்தான் கூப்பிடுவார்களாம். "ஒருதரம் ஆத்தா வந்துட்டுப் போயிட்டா, இனி என்கிட்ட வரமாட்டா" என்று சொல்லிக்கொண்டு வேப்பிலையோடு போய் உட்கார்ந்துவிடுவார் என்று அம்மா சொல்வார். அம்மாயி சொன்னதில் இந்தத் துறையின் அடிப்படையே இருக்கிறது. ஒருமுறை வந்ததை உடம்பு மறப்பதில்லை. 1796இல் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மைச் சீழை வைத்துச் செய்த சோதனை இந்த நினைவின் மேல்தான் நின்றது. 1980இல் பெரியம்மை உலகத்தை விட்டே போய்விட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததும் அதனால்தான்.

எம்.பி.பி.எஸ். படித்தவர்களும் இதற்குள் வரலாம். எம்.டி. முடித்து, கிளினிக்கல் இம்யூனாலஜியில் டி.எம். என்ற உயர்சிறப்புப் படிப்பு படிக்கலாம். பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மரில் அந்தத் துறை உண்டு. ஆனால் நோயாளியைப் பார்க்காமல் ஆராய்ச்சி மட்டும் செய்ய எம்.பி.பி.எஸ். தேவையில்லை. இந்தப் பதில்களைப் பெரும்பாலும் பி.எஸ்ஸி. வழியாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

சேலத்தில் என்ன பி.எஸ்ஸி. சேர்ந்தால் நல்லது?

பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி, விலங்கியல், எதுவானாலும் சரி. இளநிலையிலேயே இம்யூனாலஜி என்று பெயர் போட்ட படிப்பைத் தேடி வெளியூருக்கு அலைய வேண்டாம். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். லேபில் பைப்பெட்டும் (திரவத்தை அளந்து உறிஞ்சும் கருவி) சென்ட்ரிஃப்யூஜும் (வேகமாகச் சுற்றிப் பிரிக்கும் கருவி) மாணவர் கை படும் இடத்தில் இருக்கிறதா, பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறதா?

நான் தமிழ் மீடியம். இதெல்லாம் முடியுமா மேடம்?

இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளைகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். முடியும். நான் முடித்திருக்கிறேன்.

ஆனால் கஷ்டம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பாடம் புரிவதில் கஷ்டம் இல்லை. ஆன்டிபாடியைத் தமிழில் 'எதிர்ப்பொருள்' என்று படித்தவருக்கு அது என்ன செய்கிறது என்பது ஆங்கிலத்தில் படித்தவரைவிடச் சீக்கிரமே விளங்கிவிடும், பெயரிலேயே வேலை இருக்கிறது. கஷ்டம் மூன்று இடத்தில் வரும்: முதல் ஆறு மாதம் ஆய்வுக் கட்டுரை படிப்பது, கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்பது, அப்புறம் எழுதுவது.

நான் செய்ததைச் சொல்கிறேன். எம்.எஸ்ஸி. முதல் வருஷம், ஒரு நாளைக்கு ஒரு கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் எடுத்து, அதில் சொல்லியிருப்பதைத் தமிழில் நாலு வரியாக நோட்டில் எழுதுவேன். மறுநாள் காலையில் கட்டுரையைப் பார்க்காமல் அந்த நாலு வரியை ஆங்கிலத்துக்குத் திருப்புவேன். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். முதல் மாதம் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. எட்டாவது மாதம் என் வரியும் அச்சில் இருந்த வரியும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டன. அந்த நோட்டு இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. கேட்கும் பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுவேன்.

எம்.எஸ்ஸி.க்கு வெளியே போக வேண்டுமா? என்ன நுழைவுத் தேர்வு?

பெரியார் பல்கலைக்கழகத்திலேயே பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி எம்.எஸ்ஸி. உண்டு. வீட்டில் வெளியூர் அனுப்ப முடியாத நிலை என்றால் தயங்காமல் அங்கே சேருங்கள். போக முடியும் என்றால், பயோடெக்னாலஜிக்கு கேட்-பி (GAT-B), ஐ.ஐ.டி.களுக்கு ஜாம், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட் பி.ஜி. ஆகிய மூன்றையும் எழுதிப் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சி. நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து வருஷா வருஷம் ஒரு கோடைக்கால ஃபெல்லோஷிப் தருகின்றன. தேர்வானால் இரண்டு மாதம் ஒரு பெரிய நிறுவனத்தின் லேபில் உட்காரலாம், கையில் உதவித்தொகையும் கிடைக்கும். சேலத்துப் பிள்ளைகள் இதற்கு விண்ணப்பிப்பதே இல்லை. காரணம் கேட்டால், "நமக்கெல்லாம் குடுப்பாங்களா" என்கிறார்கள். விண்ணப்பம் போடாதவருக்கு எப்படிக் கொடுப்பார்கள்? மார்க்கை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. நீங்கள் ஏன் வர விரும்புகிறீர்கள் என்று எழுதும் ஒரு பக்கத்துக்கும், ஆசிரியர் தரும் கடிதத்துக்கும் மதிப்பு உண்டு.

பிஎச்.டி. படிக்கும்போது காசு வருமா, நாம் கட்ட வேண்டுமா?

வர வேண்டும். வராத பிஎச்.டி.யில் சேராதீர்கள் என்பதுதான் என் கருத்து.

சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கும். லைஃப் சயின்சஸ் தாள் எழுத வேண்டும். 2024இலிருந்து மூன்று தரமாகத் தேர்ச்சி அறிவிக்கிறார்கள்: ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையோடு சேர்ந்தது, உதவிப் பேராசிரியர் பணிக்கும் பிஎச்.டி. சேர்க்கைக்குமானது, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டுமானது. உங்கள் இலக்கு முதல் தரமாக இருக்கட்டும். 2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம். பிறகு எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை உதவித்தொகை) ஆகி மாதம் 42,000 ரூபாய், மூன்று வருஷம். விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப் படி தனி. இதே மாதிரி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் ஃபெல்லோஷிப் தருகின்றன. எம்.எஸ்ஸி.யில் பல்கலைக்கழக முதலிடம் வாங்கியவர்களுக்கு இன்ஸ்பயர் ஃபெல்லோஷிப் உண்டு.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் இல்லாத பிஎச்.டி. மாணவருக்குக் கிடைப்பது மாதம் 8,000 ரூபாய். அதனால்தான் அந்த ஒரு தேர்வுக்கு ஒரு வருஷம் செலவழித்தாலும் பரவாயில்லை என்கிறேன்.

அப்புறம் பெற்றோருக்கு ஒன்று. இந்தத் தொகை ஒண்ணாந்தேதி சம்பளம் மாதிரி வராது. சில சமயம் நாலைந்து மாதத்துக்கு வராமல் இருந்துவிட்டு மொத்தமாக வந்து விழும். முதல் வருஷம் சமாளிக்கக் கையில் கொஞ்சம் வைத்து அனுப்புங்கள்.

இம்யூனாலஜிக்கு நல்ல இடங்கள் எவை?

டெல்லியில் தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனம், 1981இல் ஜி.பி. தல்வார் தொடங்கியது. தொழுநோய்க்கு எதிரான தடுப்பூசி அங்கிருந்து வந்தது. அதற்குப் பயன்பட்ட கிருமிக்கு இண்டிகஸ் பிரானியை என்று பெயர். தல்வார் பெயரில் உள்ள 'பிரான்', நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகள் இரண்டும் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், புனே தேசிய செல் அறிவியல் மையம், ஃபரிதாபாத் டி.எச்.எஸ்.டி.ஐ., திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி மையம், ஐசர்கள் இவையும் உண்டு.

தமிழ்நாட்டுக்குள் மூன்றைச் சொல்வேன். வேலூர் சி.எம்.சி., குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ரோட்டா வைரஸ் பற்றிய ஆராய்ச்சிக்குப் பேர்போன இடம். அங்கே வேலை பார்த்த ககன்தீப் காங்தான் 2019இல் இலண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வி.ஆர். முத்துக்கருப்பன் கட்டி எழுப்பிய இம்யூனாலஜித் துறை. தென்னாட்டில் இந்தத் துறைக்கு வந்த பல பேர் அங்கே படித்தவர்கள். மூன்றாவது, சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 1956இல் தொடங்கியது. காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று உலகமே நம்பியபோது, வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று காட்டியது அங்கே நடந்த ஆய்வுதான். சென்னையின் ஏழைக் குடும்பங்களை வைத்துச் செய்த ஆய்வு உலகம் முழுக்கச் சிகிச்சை முறையை மாற்றியது. நம் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருப்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

கைடு (ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர்) எப்படித் தேர்ந்தெடுப்பது?

நிறுவனத்தின் பெயரைவிட இதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். அஞ்சு வருஷம் ஒரே மனிதரின் கீழே இருக்கப் போகிறீர்கள்.

பிஎச்.டி.க்கு முன்னால் ஒரு லேபில் ஒன்றரை வருஷம் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட்டாக இருந்தேன். வேலையை மனசு வைத்துச் செய்தேன். அங்கிருந்து வந்து பல மாதம் கழித்து, நூலகத்தில் ஒரு கட்டுரையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மூன்றாவது படத்தில் கை நின்றது. நான் ராத்திரி பதினோரு மணிவரை உட்கார்ந்து எடுத்த படம். வலது ஓரத்தில் ஒரு புள்ளிக் கூட்டம் கொஞ்சம் வால் மாதிரி நீண்டிருக்கும், அதைக்கூட நான் அடையாளம் கண்டுகொண்டேன். ஆசிரியர் பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தேன். என் பெயர் இல்லை. கடைசியில் நன்றி சொல்லும் பத்தியிலும் இல்லை. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

அதனால் என் மாணவர்களிடம் இப்படிச் சொல்கிறேன். ஒரு லேபில் சேரும் முன் அங்கே படித்து முடித்துப் போனவர்கள் இரண்டு பேரிடம், கைடு பக்கத்தில் இல்லாதபோது பேசுங்கள். கடைசியாக முடித்த அஞ்சு பேர் எத்தனை வருஷம் எடுத்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பாதியில் விட்டுப் போனவர்கள் உண்டா, ஏன் போனார்கள் என்றும் கேளுங்கள். கட்டுரையில் பெயர் வரிசையைப் பற்றி அந்த லேபில் முன்கூட்டியே பேசுவார்களா, அச்சானபிறகுதான் தெரியுமா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கமே பதில்.

விதிகளும் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு வருஷம். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நாலு பேரையும் மட்டுமே வைத்துக்கொள்ளலாம்.

லேபில் ஒரு நாள் எப்படி இருக்கும்?

ஒரே ஒரு வேலையை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன். இரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரிப்பது. ஏறக்குறைய எல்லா மனித இம்யூனாலஜி சோதனையும் இங்கேதான் தொடங்கும்.

ஆத்தூர் பக்கம் சேகோ ஃபேக்டரி பார்த்திருப்பீர்கள். குச்சிக்கிழங்கை அரைத்துப் பாலெடுத்துத் தொட்டியில் விட்டால் கனமான மாவு அடியில் அடங்கும், தண்ணீர் மேலே தெளிந்து நிற்கும். இதுவும் அந்த வேலைதான், தொட்டிக்குப் பதில் விரல் தடிமன் குழாய். குழாயின் அடியில் ஃபைகால் என்ற திரவம் இருக்கும். நிறமே கிடையாது, தண்ணீரைவிடக் கனம். அஞ்சு மில்லி இரத்தத்தை அதே அளவு உப்புக் கரைசலோடு கலந்து அதன்மேல் விட வேண்டும், இரண்டும் கலக்காமல். குழாயைச் சாய்த்துப் பிடித்து, பைப்பெட் நுனியைச் சுவரோடு ஒட்டி, கட்டைவிரலை மெள்ள மெள்ள அழுத்தினால் சிவப்பு ஒரு தகடு மாதிரி வழுக்கிக்கொண்டு போய் மேலே உட்காரும். கை ஒருதரம் நடுங்கினால் சிவப்பு நூல் நூலாகக் கீழே இறங்கும். அந்தக் குழாய் வீண்.

பிறகு சென்ட்ரிஃப்யூஜில் 400 ஜி விசையில், அதாவது புவியீர்ப்பைப்போல் 400 மடங்கில், முப்பது நிமிடம். நிறுத்தும்போது பிரேக் போடக் கூடாது, தானாகச் சுற்றி ஓய வேண்டும். முதல் வருஷ மாணவர்கள் எல்லோரும் இங்கேதான் ஒருமுறை தவறுவார்கள். மூடியைத் திறந்து குழாயை வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் கருஞ்சிவப்பு, மேலே வைக்கோல் நிறத் தண்ணீர், நடுவில் மெல்லிசாக ஒரு வெள்ளை வளையம். அந்த வளையம்தான் நமக்கு வேண்டியது. எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன், அந்த வளையம் தெரியும்போது வரும் சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

அதை உறிஞ்சி எடுத்துக் கழுவி, டிரைபான் ப்ளூ என்ற சாயம் கலந்து, கோடு போட்ட கண்ணாடியில் வைத்து மைக்ராஸ்கோப்பில் எண்ண வேண்டும். உயிரோடு இருக்கும் செல் பளிச்சென்று இருக்கும், செத்தது நீலமாகிவிடும். ஒரு மில்லி இரத்தத்துக்குச் சுமாராகப் பத்து லட்சம் செல் கிடைத்தால் கை சரியாக வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கே அரை நாள் போய்விடும். உண்மையான சோதனை அதன் பிறகுதான்.

எலியைக் கொல்ல வேண்டியிருக்குமா?

எலி வைத்து ஆராய்ச்சி செய்யும் லேப் என்றால், ஆமாம். பல லேபுகள் மனித இரத்த மாதிரியை மட்டும் வைத்து வேலை செய்கின்றன. மனசுக்கு ஒப்பாதவர்கள் அப்படிப்பட்ட இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எலி ஆய்வு என்றால் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் ஒரு எலியைக்கூடத் தொட முடியாது. எத்தனை எலி, ஏன் அத்தனை, வலி தெரியாமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மனித இரத்தம் என்றால் வேறு ஒரு நெறிமுறைக் குழு, கொடுப்பவரின் கையெழுத்திட்ட ஒப்புதல். என் லேபில் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் யாரிடமும் இரத்தம் எடுப்பதில்லை.

வருஷக்கணக்கில் செய்தும் முடிவு வரவில்லை என்றால்?

இடது தோளைப் பாருங்கள். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. தழும்பு இருக்கும். அந்த ஊசி காசநோயை எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்க 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். பதினைந்து வருஷம் வீடு வீடாகப் பின்தொடர்ந்தார்கள். கிடைத்த முடிவு என்னவென்றால், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. எதிர்பார்த்ததற்கு நேர் எதிர். மறைக்காமல் அப்படியே எழுதினார்கள். குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து பி.சி.ஜி. காப்பாற்றுகிறது, அதற்காக இன்றும் போடுகிறோம். ஆனால் பெரியவர்களுக்கு வேறு தடுப்பூசி வேண்டும் என்று உலகம் தேட ஆரம்பித்ததில் அந்தச் செங்கல்பட்டு முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு. 'வரவில்லை' என்பதும் முடிவுதான், ஒழுங்காகச் செய்திருந்தால்.

இன்னொருவர், ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி. பிறந்து மூன்றாம் நாள் எலிக்குட்டியின் தைமஸ் சுரப்பியை எடுத்துவிட்டால் அதன் உடம்பு தன்னையே தாக்க ஆரம்பிக்கிறது. நல்ல எலியின் டி செல்களை (தைமஸில் முதிரும் ஒரு வகை வெள்ளை அணு) செலுத்தினால் அது நின்றுவிடுகிறது. அப்படியானால் தாக்குதலை அடக்கும் செல் ஒன்று இருக்க வேண்டும் என்று அவர் தேடினார். அந்த மாதிரிச் செல் உண்டு என்ற கருத்தையே மற்றவர்கள் கைவிட்டுவிட்ட காலம் அது. 1995இல் அந்தச் செல்லை அடையாளம் காட்டினார். 2025இல் மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் கிடைத்தது. முப்பது வருஷம்.

எல்லோருக்கும் நோபல் வராது, அது தெரிந்ததுதான். ஆனால் நாலு மாதம் ஒரு சோதனை சரியாக வராத மாணவி என் அறைக்கு அழுதுகொண்டு வந்தால் முதலில் சகாகுச்சியைச் சொல்வேன், அப்புறம் அவளோடு உட்கார்ந்து கரைசல்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பேன். பெரும்பாலும் பழைய கரைசல்தான் காரணமாக இருக்கும்.

கட்டுரை போட்டால்தான் பட்டமா? காசு கட்டினால் உடனே போடுகிறார்களாமே?

2022 விதியில் கட்டுரை கட்டாயம் என்பதை யு.ஜி.சி. எடுத்துவிட்டது. சில பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் இன்னும் கேட்கின்றன, சேரும் இடத்தில் விசாரியுங்கள். வேலைக்கும் ஃபெல்லோஷிப்புக்கும் கட்டுரை கட்டாயம் வேண்டும்.

காசு வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் போடும் இதழ்கள் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். அந்தக் கட்டுரை உங்கள் பெயரோடு ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த இதழ்களின் பெயர் மனப்பாடம்.

வெளிநாட்டு போஸ்ட்டாக் அவசியமா?

ஆராய்ச்சி நிறுவனத்தில் சொந்த லேப் நடத்த ஆசை என்றால், பெரும்பாலும் ஆமாம். கல்லூரி ஆசிரியர் பணி என்றால் அவசியம் இல்லை. உள்நாட்டிலேயே போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புகள் இருக்கின்றன. திரும்பி வருகிறவர்களுக்கு உயிரித் தொழில்நுட்பத் துறையின் ராமலிங்கசுவாமி ஃபெல்லோஷிப்பும், இந்தியா அலையன்ஸ் ஃபெல்லோஷிப்பும் நல்ல வழிகள்.

ஜெர்மனியில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் கருவி பற்றியது இல்லை. வாரக் கூட்டத்தில் மாணவர் எழுந்து பேராசிரியரிடம் "நீங்கள் சொல்வது தப்பு என்று நினைக்கிறேன்" என்பார். பேராசிரியர் யோசித்துவிட்டு, "இருக்கலாம், எப்படிச் சோதிப்பது?" என்பார். என் லேபில் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவர இன்றும் முயற்சி செய்கிறேன்.

நிரந்தர வேலை எத்தனை வயதில் கிடைக்கும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பி.எஸ்ஸி. 21, எம்.எஸ்ஸி. 23, நெட் எழுதி பிஎச்.டி. சேர 24, முடிக்க 29 அல்லது 30, போஸ்ட்டாக் 33 அல்லது 34. அதன் பிறகுதான் நிரந்தர வேலைக்கான விண்ணப்பங்கள். பல்கலைக்கழக உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், படிகள் தனி. அரசுக் கலைக் கல்லூரிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாகப் போகலாம். நெட், செட் அல்லது பிஎச்.டி. தகுதி வேண்டும். அறிவிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தடுப்பூசி, உயிர் மருந்து தயாரிக்கும் நிறுவனங்களிலும் வேலை உண்டு. ஹைதராபாத், பெங்களூரு, புனே மூன்றும் அதற்கு முக்கியமான ஊர்கள். எம்.எஸ்ஸி.யோடு நின்று அங்கே போனாலும் நல்ல வாழ்க்கைதான். அதைத் தோல்வி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பெண் பிள்ளைக்கு இவ்வளவு வருஷமா? கல்யாணம் எப்போது?

இந்தக் கேள்வி எப்போதும் அம்மாக்களிடமிருந்துதான் வரும். கோபப்படாமல் பதில் சொல்லக் கற்றுக்கொண்டேன், ஏனென்றால் அவர்களுடைய பயம் உண்மையானது.

கல்யாணமும் பிஎச்.டி.யும் ஒன்றாக நடக்கும். எனக்கு மூன்றாம் வருஷம் கல்யாணம், நாலாம் வருஷம் குழந்தை. பிஎச்.டி. காலத்தில் பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு எடுக்க யு.ஜி.சி. விதி இடம் கொடுக்கிறது. முடிக்க இரண்டு வருஷம் கூடுதல் அவகாசமும் உண்டு. இடைவெளி விட்ட பெண்கள் திரும்பி வர பயோகேர் என்ற திட்டத்தை உயிரித் தொழில்நுட்பத் துறை நடத்துகிறது.

ஆனால் விதி மட்டும் போதாது. நான் தீசிஸ் (ஆய்வேடு) எழுதிய ஏழு மாதமும் என் மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. என் பட்டத்தில் பாதி அவருடையது. மாப்பிள்ளை பார்க்கும்போது சம்பளம் கேட்கிற மாதிரி இதையும் கேளுங்கள்: "எங்க பொண்ணு ராத்திரி ஒம்பது மணிக்கு லேப்ல இருந்து வந்தா வீட்ல யார் சமைப்பாங்க?"

சேலத்திலிருந்தே இம்யூனாலஜி ஆராய்ச்சி செய்ய முடியுமா?

முடியும், எல்லாமே முடியாது. செல்களை ஒவ்வொன்றாக அளந்து பிரித்துக் காட்டும் ஃப்ளோ சைட்டோமீட்டர் மாதிரி விலையுயர்ந்த கருவிக்கு நாங்கள் மாதிரிகளை எடுத்துக்கொண்டு பெங்களூர் போகிறோம். காலை ரயிலில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போன மாணவர்கள் இருக்கிறார்கள். எலைசா (எதிர்ப்பொருள் போன்றவற்றை அளக்கும் சோதனை), செல் வளர்ப்பு, பி.சி.ஆர். எல்லாம் இங்கேயே செய்யலாம்.

நம் ஊரில் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. டெங்குவை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் சேலம் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வைரஸில் நாலு வகை. ஒரு வகை வந்து குணமானவருக்கு வேறு வகை வந்தால், முதலில் உண்டான எதிர்ப்பொருளே இரண்டாவது வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவிவிடுகிறது. அதனால்தான் இரண்டாவது தடவை ஆபத்து அதிகம். அம்மாயி சொன்ன "இனி வரமாட்டா" இந்த நோய்க்குப் பொருந்தாது. இதைப் படிக்க நம் ஊரைவிட நல்ல இடம் எது?

ஏற்காட்டு மூலிகைகளைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். சேர்வராயன் மலையில் கிடைக்கும் செடியை அரைத்து 'எதிர்ப்புச் சக்தி கூடுகிறது' என்று ஒரு வரியில் முடிக்கும் தீசிஸ் எனக்கு வேண்டாம். எந்தச் செல், எந்த அளவு, கூடுவதா குறைவதா, கூடினால் நல்லதா? உடம்பு தன் மூட்டையே தாக்கும் மூட்டுவாதம் உள்ளவருக்கு எதிர்ப்புச் சக்தி கூடினால் வலிதான் கூடும். இந்தக் கேள்விகளோடு வந்தால் மலை ஏற நானும் கூட வருகிறேன். அங்கே வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற அறிவுக்கு அவர்கள் பெயரும் உரிமையும் கட்டுரையில் இருக்க வேண்டும். என் பெயர் இல்லாத கட்டுரையில் அந்த மூன்றாவது படத்தைப் பார்த்த நாளிலிருந்து இதில் நான் கண்டிப்பு.

என் பிள்ளைக்கு இது ஒத்துவருமா என்று எப்படித் தெரியும்?

மார்க் ஷீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. லேபுக்கு வரும் மாணவர்களை முதல் நாள் ஒரு மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்து, கோடு போட்ட கண்ணாடியில் செல்களை எண்ணச் சொல்வேன். பெரும்பாலானவர்கள் ஒரு தடவை எண்ணி ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு நிமிர்வார்கள். தப்பில்லை, பழகிக்கொள்வார்கள்.

போன வருஷம் வாழப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். முதல் தலைமுறைப் பட்டதாரி. எண்ணினான், எழுதினான், மறுபடி எண்ணினான். அரை மணி நேரம் ஆகியும் எழுந்திருக்கவில்லை. போய்ப் பார்த்தால் நோட்டில் மூன்று எண்கள்: 112, 97, 121. "மேடம், கண்ணாடி ஒண்ணுதான், நான்தான் எண்ணினேன், அப்புறம் ஏன் மூணும் வேற வேறயா வருது?" என்று கேட்டான். பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அன்று மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பேருமே போகவில்லை.